மூக்கைத் தொலைத்த நாய்

1

எங்கள் வீட்டு மணி குறட்டை விடுவான். சும்மா லேசாக இல்லை, தெருவில் போகிறவருக்குக் கேட்கிற மாதிரி. அப்பா இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்தால் இரண்டு குறட்டையும் மாறி மாறிக் கேட்கும். "இதுல மனுசன் யாரு, நாய் யாருன்னே தெரியல"ன்னு அம்மா இருட்டில் சிரிப்பாங்க. விருந்தாளிகள் வந்தால் அதைக் கேட்கவைப்பதே எங்களுக்கு ஒரு பெருமை. என் தங்கை பள்ளிக்கூடத்தில் கூட நடித்துக் காட்டுவாள்.

மணி ஒரு பக் நாய். 2008இல், நான் எட்டாம் வகுப்பு படித்தபோது, சென்னையில் ஒரு கடையில் வாங்கினோம். அப்பாவுக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் வேலை. அந்த வருடத்து போனஸ் பணத்தில் ஆறாயிரம் மணிக்குப் போனது. மூடி போட்ட பிளாஸ்டிக் கூடையில் வைத்து எலெக்ட்ரிக் டிரெயினில் கொண்டுவந்தோம். பொன்னேரி தாண்டும்போது கூடைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. எதிர் சீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஹட்ச் நாயா?" என்றார்.

அதுதான் அதன் பெயர். பக் என்று எங்கள் தெருவில் யாரும் சொன்னதில்லை. கம்பெனி அதற்கு முந்தைய வருடமே வோடஃபோன் ஆகிவிட்டது. ஆனாலும் நாய் மட்டும் ஹட்ச் நாயாகவே இருந்தது. தெருவில் ஏற்கெனவே நாலைந்து மணிகள் இருந்தார்கள். அவர்கள் எல்லாருக்கும் நீளமான மூக்கு. எங்கள் மணிக்கு மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மடிப்பு. "சுவத்துல போய் முட்டிக்கிச்சா?" என்று கேட்காத ஆளே இல்லை.

அந்தக் குறட்டை மூச்சுக்கு வழியில்லாத ஒரு உடம்பின் சத்தம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அப்போது நம்பியிருக்க மாட்டோம். அந்தச் சத்தம் எங்கள் வீட்டுக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தது என்று பல வருடம் கழித்துத் தேட ஆரம்பித்தேன். சீனா, ஹாலந்து, லண்டன், மும்பை என்று அந்த வழி நீளமாகப் போனது. நடுவில் ஒரு இடத்தில் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே உரசிக்கொண்டும் போனது.

2

குட்டை மூக்கு நாய்கள் சீன அரண்மனைகளில் பல நூற்றாண்டுகளாக வளர்க்கப்பட்டவை. வேட்டைக்கோ காவலுக்கோ அல்ல, மடியில் வைத்துக்கொள்வதற்கு. அவற்றின் நெற்றிச் சுருக்கத்துக்குத் தனி மதிப்பு இருந்தது. மூன்று படுக்கைக் கோடுகளும் அவற்றை வெட்டி இறங்கும் ஒரு நிலைக்கோடும் சேர்ந்தால் சீன எழுத்தில் 'அரசன்' என்று பொருள். அந்த எழுத்து நெற்றியில் தெரிகிற நாய் உயர்ந்த நாய். ஒரு மிருகத்தின் தோல் மடிப்பில் மனிதன் தன் ஆசையை எழுதிப் படித்த கதை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அங்கிருந்து இந்த நாய் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனது. கொண்டுபோனவர்கள் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் என்றுதான் நாய்ப் புத்தகங்கள் எல்லாம் சொல்கின்றன. டச்சு மக்களுக்கு இந்த நாய் மீது தனிப்பாசம் வர ஒரு கதையும் உண்டு. 1572இல் ஸ்பெயின் படைகளோடு போரிட்டுக்கொண்டிருந்தார் ஆரஞ்சு வம்சத்து இளவரசர் வில்லியம். ஒரு நள்ளிரவில் எதிரிகள் பாசறைக்குள் புகுந்தபோது, அவருடைய சின்ன நாய் குரைத்து, முகத்தைச் சுரண்டி எழுப்பி உயிரைக் காப்பாற்றியதாம். நாயின் பெயர் பாம்பி. அது பக் இனம் என்பார்கள். அன்றிலிருந்து பக் ஆரஞ்சு வம்சத்தின் செல்ல நாய்.

இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று இடிக்கிறது. டச்சுக் கம்பெனி தொடங்கியதே 1602இல். 1572இல் பாம்பி குரைத்தபோது அந்தக் கம்பெனி பிறக்கவே இல்லை. அந்த நாய் உண்மையிலேயே சீனாவிலிருந்து வந்த பக் என்றால், அதற்கு முன்பே மக்காவ் துறைமுகத்தில் காலூன்றியிருந்த போர்த்துக்கீசியர் வழியாகத்தான் வந்திருக்கவேண்டும். இல்லையென்றால் அது வேறு ஏதோ ஒரு சின்ன நாய். வம்சப் பெருமை பேசுகிற கதைகளில் இப்படித் தேதி இடிப்பது புதிதில்லை. நம் ஊர் தலபுராணங்களைப் படித்தவர்களுக்கு இது பழகின விஷயம்.

எங்கள் ஊரை உரசும் இடம் என்று சொன்னேன் அல்லவா, அது இங்கேதான். கும்மிடிப்பூண்டியிலிருந்து கவரைப்பேட்டை, பொன்னேரி வழியாக பைக்கில் போனால் கொஞ்ச நேரத்தில் பழவேற்காடு. 1610இல் அங்கே டச்சுக்காரர்கள் கடை விரித்தார்கள். 1612இல் சாந்தோம் போர்த்துக்கீசியர்கள் வந்து அடித்து உடைத்தார்கள். 1613இல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையைக் கட்டி நிலைத்துவிட்டார்கள். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கடற்கரையில் அவர்களுக்கு அதுதான் தலைநகரம். இங்கிருந்து துணி போனது. வெடிமருந்து போனது. பஞ்சகாலத்தில் விலைக்கு வாங்கப்பட்ட மனிதர்கள் அடிமைகளாக பத்தேவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள்.

மணியின் பாட்டன் பூட்டன் பழவேற்காட்டில் இறங்கினான் என்று கதை கட்ட வரவில்லை. ஒரே கம்பெனி, ஒரே காலம், ஒரே கணக்குப் புத்தக மனசு. துணியானாலும் மிளகானாலும் மூச்சு விடுகிற உயிரானாலும் அந்த மனசுக்கு எல்லாம் சரக்கு. அந்த மனசின் ஒரு வாசல் எங்கள் வீட்டிலிருந்து அவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறது என்பது மணி இருந்தவரை எனக்குத் தெரியாது.

3

1689இல் ஆரஞ்சு வம்சத்து மூன்றாம் வில்லியமும் மேரியும் இங்கிலாந்தில் முடிசூடிக்கொண்டார்கள். அவர்களோடு பக் நாய்களும் போயின என்கிறார்கள். அடுத்த அரை நூற்றாண்டில் அது லண்டன் பணக்கார வீடுகளின் நாகரிகம் ஆகிவிட்டது.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்தி ஒரு ஓவியத்தைத் தேடிப் பாருங்கள். வில்லியம் ஹோகார்த் 1745இல் வரைந்த தன்னுருவ ஓவியம். லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓவியர் ஒரு படத்துக்குள் படமாக இருப்பார். அதற்கு முன்னால் அவருடைய பக் உட்கார்ந்திருக்கும். பெயர் டிரம்ப். நான் முதலில் பார்த்தபோது, இது பக்கே இல்லையே, தப்பான படம் போல என்று நினைத்தேன். காரணம், அந்த நாய்க்கு மூக்கு இருக்கிறது. முகம் கொஞ்சம் குட்டைதான். ஆனாலும் கண்ணுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு ஒழுங்கான ஒரு மூக்கு. உடம்பும் குண்டாக இல்லை, கால்களும் நீளம். வெயிலில் ஓடவிட்டாலும் தாங்கும் போலத் தெரிகிறது.

அப்படியென்றால் மூக்கு எங்கே தொலைந்தது? சீனாவில் முழுசாகத் தொலையவில்லை. கப்பலிலும் தொலையவில்லை. பெரும்பகுதி கடந்த நூற்றைம்பது வருடங்களில்தான் தொலைந்தது.

1859இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் முதல் நாய்க் கண்காட்சி நடந்தது. அதே வருடக் கடைசியில்தான் டார்வினின் உயிரினங்களின் தோற்றம் வெளிவந்தது. மனிதன் தன் விருப்பத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுத்து புறாவையும் நாயையும் எப்படி வளைக்கிறான் என்பதிலிருந்துதான் டார்வின் தன் வாதத்தையே தொடங்குகிறார். 1873இல் லண்டனில் கென்னல் கிளப் உருவாகி, வம்சப் பதிவேடு வந்தது. 1883இல் பக் நாய்க்கென்றே தனிக் கிளப். எந்த நாய் 'சரியான' பக் என்பதற்கு எழுதிவைத்த இலக்கணமும் வந்தது. தட்டையான முகம், பெரிய கண், ஆழமான சுருக்கம், இறுக்கமாகச் சுருண்ட வால்.

இதற்கு நடுவில் 1860இல் இரண்டாம் அபினிப் போர். ஆங்கில, பிரெஞ்சுப் படைகள் பீஜிங்கில் பேரரசரின் கோடை அரண்மனையைக் கொள்ளையடித்தன. பிறகு ஆங்கிலேயர்கள் அதற்குத் தீ வைத்தார்கள். அந்தப் போருக்கு இங்கிருந்து மதராஸ் சாப்பர்ஸ் படையும் போயிருந்தது. கொள்ளையில் கிடைத்த ஒரு பீக்கிங்கீஸ் நாய்க்குட்டியை விக்டோரியா ராணிக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். அதற்கு வைத்த பெயர் லூட்டி. நம் ஊரில் லூட்டி அடிப்பதென்றால் சேட்டை. அங்கே அது கொள்ளை. இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல், சீனாவில் எடுத்த நாய்க்குப் பெயரானது. அந்தக் காலத்தில் பீஜிங்கிலிருந்து லேம், மாஸ் என்ற இரண்டு பக் நாய்களும் இங்கிலாந்துக்கு வந்தன. அவற்றுக்குப் பிறந்த கிளிக் என்ற ஒரே நாயின் ரத்தம் பின்னால் வந்த பரம்பரைகளில் திரும்பத் திரும்பக் கலக்கப்பட்டது.

'ஒரே நாயின் ரத்தம்' என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கண்காட்சியில் ஒரு நாய் பரிசு வாங்கினால் எல்லாரும் தங்கள் பெட்டைக்கு அதையே தேடுவார்கள். அதன் குட்டிகள் அடுத்த வருடம் பரிசு வாங்கும். பிறகு அண்ணன் மகளையும் தம்பி மகனையும், சில நேரம் தாத்தாவையும் பேத்தியையுமே சேர்ப்பார்கள். பதிவேட்டில் இல்லாத வெளிரத்தம் உள்ளே வரமுடியாது. சொந்தத்திலேயே திரும்பத் திரும்பக் கல்யாணம் செய்தால் பிள்ளைகளுக்கு என்ன ஆகலாம் என்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையச் சுவர்களில் எழுதிப்போட்டிருக்கிறதே, அதேதான். ஒரு குறை அப்பாவிடம் மறைந்திருக்கும், அம்மாவிடமும் மறைந்திருக்கும், பிள்ளையிடம் வெளியே வந்துவிடும். நாய்க்குச் சில வருடத்துக்கு ஒரு தலைமுறை. நூற்றைம்பது வருடத்தில் எத்தனை தலைமுறை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

2008இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் அங்குள்ள கென்னல் கிளப் பதிவேடுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். பிரிட்டனில் ஏறக்குறைய 10,000 பக் நாய்கள். அவற்றின் மரபணு வகைமையை அளந்தால், வெறும் 50 நாய்கள் இருந்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான். தெருவில் பத்தாயிரம் நாய் நடந்தாலும், ரத்தத்தில் ஐம்பது நாய். அந்த வருடம்தான் நாங்கள் மணியை வாங்கினோம்.

4

2010இல் மணிக்குக் கண்ணில் அடிபட்டது. பெரிதாக ஒன்றுமில்லை. அம்மா பெருக்கிக்கொண்டிருந்தபோது குறுக்கே ஓடினான், தென்னந்துடைப்பத்தின் ஒரு குச்சி பட்டுவிட்டது. மறுநாள் கண் வெள்ளையாகப் பூத்திருந்தது. சென்னைக்குக் கொண்டுபோனோம். வயதான ஒரு கால்நடை மருத்துவர். கண்ணைப் பார்த்துவிட்டு, நாங்கள் கேட்காமலேயே வாயைத் திறந்து டார்ச் அடித்தார். மூக்குத் துளைகளை விரலால் லேசாக விரித்துப் பார்த்தார்.

"குறட்டை விடுவானா?"

"ஆமா டாக்டர்!" என்று என் தங்கை சிரித்துக்கொண்டே நடித்துக் காட்டினாள்.

அவர் சிரிக்கவில்லை. அப்பாவிடம் சொன்னார். "சார், வீட்டைப் பாதியா இடிச்சுச் சின்னதாக்கிட்டீங்க, ஆனா பீரோ, கட்டில், சாமான் எல்லாம் பழைய அளவுலயே இருக்குன்னு வைங்க. எப்படி நடப்பீங்க? இவனுக்கு மூஞ்சி எலும்பு சின்னதாயிடுச்சு. உள்ள இருக்கிற சதை சின்னதாகல."

பிறகு பல வருடம் நான் படித்தது எல்லாம் அந்த இரண்டு வரிக்கு விரிவுரைதான். மூக்குத் துளை கீறல் மாதிரி ஒடுங்கியிருக்கும். மேலண்ணத்தின் பின்பக்கத்து மென்சதை நீண்டு தொண்டைக்குள் தொங்கும். மூச்சுக்குழாயும் பல நாய்களுக்கு உடம்பு அளவுக்கு ஏற்ற அகலம் இல்லாமல் இருக்கும். இந்த அடைசலுக்குள் காற்றை இழுக்க நாய் ஒவ்வொரு மூச்சுக்கும் பாடுபடும். பாடுபடப்பட உள்சதை வீங்கும். வீங்க வீங்க வழி இன்னும் குறையும். இந்தக் கூட்டு நோய்க்கு மருத்துவத்தில் பெரிய பெயர் உண்டு. நாங்கள் அதைக் குறட்டை என்றோம்.

கண்ணும் அப்படித்தான். மண்டை தட்டையானதால் கண்குழி ஆழமில்லை. கண் வெளியே பிதுங்கி நிற்கும். மற்ற நாய்க்கு முன்னால் மூக்கு போய் முட்டும், இவனுக்குக் கண் போய் முட்டும். இமை முழுசாக மூடாமல் கண் காய்ந்து புண்ணாகும், கறுத்த படலம் பரவும். கழுத்தை இறுக்கிப் பிடித்தால் கண் குழியிலிருந்தே வெளியே வந்துவிடுகிற ஆபத்தும் உண்டு. முகத்து மடிப்பில் ஈரம் தங்கிச் சீழ் பிடிக்கும். அதே பல் எண்ணிக்கை, ஆனால் பாதித் தாடை என்பதால் பற்கள் நெருக்கியடித்துக் கோணலாக முளைக்கும்.

நாம் கொஞ்சுகிற அந்தச் சுருள் வால் இருக்கிறதே, அது வளைந்து பிறந்த முதுகெலும்புத் துண்டுகள். அந்த வளைவு வாலோடு நின்றால் அழகு. முதுகுக்கு ஏறினால் எலும்புத் துண்டுகள் ஆப்பு வடிவில் வளர்ந்து நரம்பை அழுத்தும், பின்கால் இழுத்துக்கொள்ளும். முட்டிச் சில்லு இடம் நழுவுவதும், இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் போவதும் இந்த இனத்தில் சாதாரணம். மண்டை பெரிது, இடுப்பெலும்பு குறுகல் என்பதால் பிரசவத்துக்குக் கத்தி வைக்கவேண்டி வருவதும் அடிக்கடி நடக்கும். இவை போதாதென்று இந்த இனத்தின் பெயரிலேயே ஒரு மூளை அழற்சி நோய் உண்டு. இளம் வயதில் வலிப்பு வரும், மிகப் பெரும்பாலும் சாவில் முடியும். நோய் எதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் மரபணுப் பகுதியோடு அதற்குத் தொடர்பிருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

முகம் குட்டையாவதற்கான மரபணுக்களையும் தேடிப் பிடித்திருக்கிறார்கள். 2017இல் வந்த ஓர் ஆய்வு, எஸ்எம்ஓசி2 என்ற மரபணுவில் ஏற்பட்ட ஒரு மாற்றம் நாய்களின் முக நீள வேறுபாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காரணமாக இருப்பதாகச் சொன்னது. நாய்க்கு இது தானாக வந்த விபத்து. அந்த விபத்தைப் பார்த்து, "அய்யோ அழகா இருக்கே"ன்னு கையில் எடுத்தது மனிதன். வட்ட முகம், பெரிய கண், சின்ன மூக்கு. நமக்கு அதில் ஒரு கைக்குழந்தை தெரிகிறது.

2022இல் லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரி வெளியிட்ட ஆய்வு, மற்ற நாய்களைவிட பக் நாய்க்கு ஒரு வருடத்தில் ஏதாவது ஒரு நோய் வர 1.9 மடங்கு வாய்ப்பு என்றது. மூச்சு அடைப்பு நோய்க்கு மட்டும் 54 மடங்கு. ஆரோக்கியத்தைப் பொறுத்தவரை பக் நாயை இனி ஒரு வழக்கமான நாயாகக் கருதமுடியாது என்பது அவர்கள் முடிவு.

5

லண்டனில் இவ்வளவு தெரிந்துகொண்டிருந்த காலத்தில் நம் ஊரில் என்ன நடந்தது?

2003இல் ஹட்ச் விளம்பரம் வந்தது. ஒரு சின்னப் பையன், அவன் பின்னாலேயே ஒரு பக். முடிவெட்டப் போனாலும், பள்ளிக்கூடம் போனாலும், புல்வெளியில் நடந்தாலும் அது கூடவே வரும். நெட்வொர்க் எங்கும் கூடவரும் என்பது செய்தி. அதில் நடித்த நாயின் பெயர் சீக்கா. இந்திய விளம்பர வரலாற்றில் அவ்வளவு வேகமாக மனதில் ஒட்டிய படம் குறைவு. இன்று யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. நாலு தெரு நடந்தாலே மூச்சு வாங்குகிற ஓர் இனத்தைத்தான் எங்கே போனாலும் பின்தொடர்வதற்கு அடையாளமாகக் காட்டினார்கள். நாமும் நம்பினோம்.

தேவை ஒரே நாளில் வந்தது. நாய் ஒரே நாளில் வராது. இருக்கிற கொஞ்சம் நாய்களை வைத்தே வேகவேகமாகக் குட்டி எடுக்கவேண்டியிருந்தது. ஏற்கெனவே ஐம்பது நாயாகச் சுருங்கிய ரத்தம், அதிலும் ஒரு சின்னக் கிளை நம் ஊருக்கு வந்து, அதற்குள்ளேயே மறுபடி சுற்றியது. மணியின் அப்பா அம்மா யார் என்று நாங்கள் கடைக்காரரிடம் கேட்கவில்லை. அப்பா கேட்ட ஒரே கேள்வி, "தம்பி, இதுதானே அந்த விளம்பரத்துல வர்றது?"

இத்தனைக்கும் மிருகவதைத் தடுப்புக்கு இந்தியாவிலேயே முக்கியமான ஊர் சென்னை. 1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னால் நின்றவர் ருக்மிணி தேவி அருண்டேல். 1962இல் அவர் தலைமையில் தொடங்கிய இந்திய விலங்குகள் நல வாரியம் 2018 வரை சென்னையில்தான் இருந்தது. ஆனால் அடிப்பது, பட்டினி போடுவது, அதிகச் சுமை ஏற்றுவது என்று கண்ணுக்குத் தெரிகிற வதையைத்தான் சட்டம் பிடிக்கும். பிறக்கும்போதே எலும்பில் எழுதப்பட்டு வருகிற வதையை எந்த இன்ஸ்பெக்டர் பிடிப்பார்? 2017இல் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் வந்தன. வியாபாரத்துக்குக் குட்டி எடுப்பவர் பதிவு செய்யவேண்டும், பெட்டைக்குப் பதினெட்டு மாதம் ஆகியிருக்கவேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது. மணியை நாங்கள் வாங்கியபோது அவன் கண் திறந்து எத்தனை நாள் ஆகியிருந்தது என்று இப்போது யோசித்தால் கூச்சமாக இருக்கிறது.

2024இல் தமிழ்நாடு அரசு நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. இந்த வெப்பத்துக்கு ஒத்துவராத 11 வெளிநாட்டு இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக்கூடாது என்றது. சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் வரிசையில் பக் நாயும் இருந்தது. கூடவே கீஸ்ஹோண்ட் என்று இன்னொரு டச்சு நாய். பதினெட்டாம் நூற்றாண்டில் ஹாலந்தில் ஆரஞ்சு வம்சக் கட்சிக்கு பக் அடையாளம், அவர்களை எதிர்த்த தேசபக்தர் கட்சிக்கு கீஸ்ஹோண்ட் அடையாளம். அங்கே எதிரெதிர்க் கட்சியாக இருந்த இரண்டும் இங்கே ஒரே அரசாணையில் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. நாய் வளர்ப்பவர்கள் தரப்பிலிருந்து விஷயம் உயர்நீதிமன்றத்துக்கும் போனது.

இந்தச் செய்தி வந்தபோது, "நம்ம நாட்டு நாய் வளர்த்தா இந்தப் பிரச்சினையே இல்ல" என்று நிறையப் பேர் எழுதினார்கள். பாதி உண்மை. ராஜபாளையத்தைப் பாருங்கள். நல்ல உயரம், வேட்டை உடம்பு, மூக்கு நீளம், வெயில் தாங்கும். 2005இல் தபால் தலையிலும் வந்தது. ஆனால் பால் வெள்ளை நிறமும் ரோஜா நிற மூக்கும்தான் அசல் என்று நாம் ஒற்றைக் காலில் நின்றோம். அந்த வெள்ளையோடு சேர்ந்து பிறவிச் செவிடும் அந்த இனத்தில் வந்தது. தோலுக்கு நிறம் கொடுக்கும் அதே வகைச் செல்கள் உள்காதிலும் தேவை. அவை இல்லாமல் போனால் கேட்கும் திறனும் போகும். சீன அரண்மனையில் நெற்றி எழுத்தைத் தேடினார்கள், விருதுநகர்ப் பக்கம் வெள்ளையைத் தேடினோம். வெளிநாட்டு நாய், நாட்டு நாய் என்பதைவிட, எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் நோய் தொடங்குகிறது.

6

2012 மே மாதம். கத்திரி வெயில். அந்த வருடத்து மின்வெட்டு நினைவிருக்கும். சென்னைக்குள் இரண்டு மணி நேரம் என்றால் வெளியே எங்களைப் போன்ற ஊர்களில் பகலில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. அப்பா பகல் ஷிஃப்ட். அம்மா, நான், தங்கை, மணி.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு வேகமாக மூச்சு விட்டு, நாக்கிலும் மூக்கின் உள்பக்கத்திலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். கடலோரப் புழுக்கத்தில் ஈரம் லேசில் ஆவியாகாது. மூக்கே இல்லாத நாய்க்கு ஆவியாக்க இடமும் இல்லை. அது இன்னும் வேகமாக மூச்சு விடும். அந்த உழைப்பே உடம்பைச் சூடாக்கும். தொண்டை வீங்கும். டாக்டர் சொன்ன சின்ன வீட்டில் அப்போது ஒருவரும் அசைய முடியாது.

மணி இரண்டு மணிவாக்கில் பாத்ரூம் தரையில் போய்ப் படுத்தான். மூன்று மணிக்கு அவன் நாக்கு நீலம் பூத்திருந்தது. அம்மா ஈரத்துணி போட்டாங்க. தங்கை முறத்தால் விசிறினாள். நான் ஆட்டோ பிடிக்க ஓடினேன். ஆட்டோ வந்தபோது சத்தம் நின்றிருந்தது. நாலு வருடமாக எங்கள் வீட்டில் நிற்காத சத்தம். அவனுக்கு வயது நாலுதான்.

அப்பா ராத்திரி வந்தார். நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "நூறு டிகிரிக்கு மேல ஃபர்னஸ் பக்கத்துல நான் நிக்கிறேன். எனக்கு ஒண்ணும் ஆகல. நிழல்ல படுத்திருந்தவனுக்கு என்ன ஆச்சு?" என்றார். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தக் கட்டுரை ஒருவிதத்தில் அவருக்கான பதில்தான்.

பக் நாயை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனதாகச் சொல்லப்படும் அதே ஹாலந்தில், 2014இல் ஒரு விதி வந்தது. பெற்றோரின் அல்லது குட்டியின் நலனைக் கெடுக்கிற மாதிரி இனப்பெருக்கம் செய்யக்கூடாது. 2019இல் அதை அளவுகோலாக்கினார்கள். மண்டை நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது மூக்கு இல்லாத நாயை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தக்கூடாது. 2020இல் டச்சு கென்னல் கிளப்பும், அந்த அளவுக்குள் வராத குட்டை மூக்கு இனங்களுக்கு வம்சச் சான்றிதழ் தருவதை நிறுத்தியது. பாம்பியின் நாட்டில் பாம்பியின் வம்சத்துக்குச் சான்றிதழ் இல்லை. பக்கத்து ஜெர்மனியில் சிலர் டெரியர் நாய்களோடு கலந்து, மூக்கு கொஞ்சம் நீண்ட பக் நாய்களை உருவாக்கிப் பார்க்கிறார்கள். ஹோகார்த்தின் டிரம்பை நோக்கித் திரும்பி நடப்பது போல. நூற்றைம்பது வருடத்தில் தொலைத்ததை எத்தனை வருடத்தில் தேடி எடுக்கமுடியும் என்பது இனிமேல்தான் தெரியும்.

போன வருடம் பழவேற்காடு போயிருந்தேன். கோட்டை இருந்த இடம் புதர் மண்டிய மேடு. பக்கத்தில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம். வாசல் தூண்களில் எலும்புக்கூடுகளைச் செதுக்கிவைத்திருக்கிறார்கள், வருகிறவர்களுக்கு முடிவை நினைவூட்ட. உள்ளே கல்லறைகளின் மேல் குடும்பச் சின்னங்கள், பெயர்கள், பிறந்த ஊர்கள். வம்சத்தை இவ்வளவு கவனமாகக் கல்லில் எழுதிவைத்தவர்கள். மதிய வெயிலில் ஒரு செம்மண் நிறத் தெருநாய் கல்லறை நிழலில் படுத்திருந்தது. நீளமான மூக்கு. வாய் மூடி, சத்தமே இல்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதன் விலா ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆரோக்கியமான நாய் தூங்கும்போது சத்தம் வராது என்று எனக்கு முப்பது வயதை நெருங்கும்போதுதான் தெரிகிறது.

எங்கள் தெருவில் ஒரு பையன் போன வாரம் கேட்டான். "அண்ணா, பக் பப்பி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். நீங்க வளர்த்திருக்கீங்கல்ல?" வேண்டாம் என்று சொன்னேன். கேட்கமாட்டான் என்றும் தெரிந்தது. அதனால் இதையும் சொன்னேன். குட்டியைப் பார்க்காதே, அதன் அம்மாவைப் பார்க்கக் கேள். காட்டமாட்டேன் என்றால் திரும்பி வந்துவிடு. அம்மாவின் மூக்குத் துளை திறந்திருக்கிறதா, கீறலாக இருக்கிறதா பார். அதைக் கொஞ்ச தூரம் நடக்கவிட்டு மூச்சைக் கேள். அப்பன் யார், ஆத்தா யார், இரண்டும் சொந்தமா என்று கேள். வாங்கித்தான் தீருவாய் என்றால் மதியத்தில் வெளியே கொண்டுபோகாதே, குண்டாக விடாதே, கழுத்துப் பட்டை வேண்டாம், உடம்புப் பட்டை வாங்கு. தூங்கும்போது சத்தம் வந்தால் வீடியோ எடுக்காதே, டாக்டரிடம் போ.

"குறட்டை க்யூட்டா இருக்குமேண்ணா" என்றான்.

இப்போது எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. அப்பா ரிட்டயர் ஆகிவிட்டார். ராத்திரி அவர் குறட்டை மட்டும் தனியாகக் கேட்கும். அது நடுவில் ஒரு நொடி நின்றால் அம்மா எழுந்து லைட் போட்டுப் பார்க்கிறாங்க.